நெற்பயிரின் சுவாசமும் அது பெறும் சக்தியும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் நீர் பிரித்து விடப்பட்டவுடன், குறுவைக்கு விதை முளைகட்டும் வேலை தொடங்குகிறது. ஒரு நாள் ஊறிய விதையை நீர் வடித்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் மூடி, நிழலில் வைப்பது வழக்கம். மறுநாள் அச்சாக்கினுள் கையை விட்டுப் பார்ப்பவர்களுக்குச் சூடு நன்றாகத் தெரியும். வெயில் படாத இடத்தில், குளிர்ந்த நீரில் ஊறிய நெல்லுக்கு இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? வைக்கோல் மூடாக்கினால் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. மூடாக்கு சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே உண்டாகும் சூடு வெளியே போகாதபடி காப்பது ஒன்றே அதன் வேலை. சூட்டை உண்டாக்குவது நெல்லே ஆகும். நெல் உயிருள்ள வஸ்து. அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும் உயிர்கள் யாவும் தம்முள் இருக்கும் உணவை மெல்ல எரித்துச் சக்தியைப் பெறுகின்றன.

நாற்றங்காலில் விதை முளைக்காமல் அழுகுவது, நட்ட பயிர் வேர் கறுத்து மஞ்சளித்து நிற்பது, ஐப்பசி மழையில் களத்து நெல் அவிந்து நிறம் மாறுவது, கார்த்திகை வெள்ளத்தில் பயிர் மூழ்கி மடிவது ஆகிய நான்கும் வெவ்வேறு நஷ்டங்களாகத் தோன்றினும், இந்த மூச்சு என்னும் ஒரே காரியத்தைச் சார்ந்தவை. முதல் இரண்டிலும் கடைசியிலும் மூச்சுக்குக் காற்று போதவில்லை. களத்து நெல்லிலோ மூச்சு வேண்டாத வேளையில் மிதமிஞ்சி நடக்கிறது. இதனை அறிந்துகொண்டால், முன்னோர் வழக்கத்தினால் செய்துவந்த பல வேலைகளின் காரணம் விளங்குவதோடு, எந்த வேலையை ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது என்பதும் தெரியவரும்.

பயிரின் வரவும் செலவும்

இலையிலுள்ள பச்சையம் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது என்பது இக்காலத்தில் பள்ளிச் சிறுவரும் அறிந்த விஷயம். இதனால் செடிகள் கரியமிலவாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்றும், பிராணவாயுவை உட்கொள்ளுதல் விலங்குகளுக்கே உரியது என்றும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. உணவு ஆக்குதல் பகலில், பச்சை நிறமுள்ள பாகங்களில் மட்டும் நடப்பது. சுவாசமோ வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகிய எல்லாவற்றிலும் இரவும் பகலும் இடைவிடாமல் நடப்பது. வேருக்கு வெளிச்சம் கிடையாது. ஆதலால் அது தனக்கென ஒரு துளி உணவும் ஆக்க இயலாது. இலை அனுப்பும் சர்க்கரையும், எப்படியாவது வந்து சேரும் பிராணவாயுவும் கொண்டே அது உயிர் வாழ்கிறது.

பயிர் சம்பாதிக்கும் உணவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை சுவாசத்திற்கே செலவாகிவிடுகிறது. எஞ்சியதே வைக்கோலாகவும் நெல்லாகவும் களத்திற்கு வருகிறது. இரவு உஷ்ணம் கூடினால் இந்தச் செலவும் கூடும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1992 முதல் 2003 வரை தங்கள் வயல்களில் கண்ட கணக்கை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கோடைப் போகத்தில் இரவின் சராசரி உஷ்ணம் 1 டிகிரி சென்டிகிரேடு ஏறும்போது மகசூல் ஏறக்குறைய 100-க்கு 10 வீதம் குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. இரவில் மிகுந்து நடக்கும் சுவாசம் இதற்குக் காரணங்களில் ஒன்று எனக் கருதப்படுகிறது. புழுக்கமான இரவுகள் பயிருக்கு ஆகா என்று பழைய குடியானவர்கள் சொல்வதை வெறும் பேச்சென்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்தச் செலவு எவ்விதம் நடைபெறுகிறது? பயிரின் உடல் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளால் ஆனது. அவ்வறைகளுக்கு உயிரணுக்கள் என்று பெயர். ஒவ்வோர் உயிரணுவும் மாவுச்சத்தைச் சர்க்கரையாகக் கரைத்து, அச்சர்க்கரையைப் பல படிகளில் சிதைக்கிறது. கணக்குப்படி 180 கிராம் சர்க்கரை முற்றிலும் எரிய 192 கிராம் பிராணவாயு வேண்டும். அதிலிருந்து 264 கிராம் கரியமிலவாயுவும் 108 கிராம் நீரும் உண்டாகும். அடுப்பில் எரித்தாலும் உயிரணுவில் எரிந்தாலும் இக்கணக்கு ஒன்றே. அடுப்பில் சக்தி முழுவதும் ஒரே சமயத்தில் சூடாக வெளிப்பட்டு வீணாகிறது. உயிரணுவிலோ படிப்படியாக வெளிப்படுவதால், ஒரு பங்கு சேமிக்கப்பட்டு, எஞ்சியதே சூடாக வெளியேறுகிறது.

பத்தாயத்தில் நூறு மூட்டை நெல் இருந்தாலும், கடைவீதியில் கால் படி எண்ணெய் வாங்க ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நெல்லை விற்றுச் சில்லறையாக மாற்றிக்கொள்ளவேண்டும். உயிரணுவிலும் சர்க்கரை என்பது மூட்டை நெல் போன்றது. வேர் நீட்டுவதற்கும், உப்புச் சத்துக்களை உறிஞ்சுவதற்கும், புதிய இலை கட்டுவதற்கும் அது நேரே உதவாது. அதனை அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஒரு பொருளாக மாற்றியே உயிரணு செலவிடுகிறது. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் இதில் அடங்கியிருக்கிறது. பயிருக்கு மணிச்சத்து இன்றியமையாததாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இச்சில்லறை நாணயத்தைக் கண்டறிந்தோரில் ஒருவர் பழைய சென்னை மாகாணத்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1895-ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஹார்வர்டு கலாசாலையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் ஆராய்ந்து, 1929-ஆம் ஆண்டில் இப்பொருளை வெளிப்படுத்தினார். அதே ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் கார்ல் லோமன் என்பவரும் தனியே இதனைக் கண்டார்.

நாணயம் அடிக்கும் சாலை உயிரணுவுக்குள்ளேயே இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்பாகும். அது வேலை செய்யும் விதத்தை டெல்டா வாசிகளுக்கு விளக்குவது எளிது. மேட்டூரில் நீரை ஒரு புறம் தேக்கி, உயரத்திலிருந்து குறுகிய வழியே பாயவிட்டால், அந்த வேகத்தில் சக்கரம் சுழன்று மின்சாரம் பிறக்கிறது. மைட்டோகாண்டிரியாவிலும் ஒரு மெல்லிய சவ்வு அணையாக நிற்கிறது. சர்க்கரையை எரித்துக் கிடைக்கும் சக்தியைக் கொண்டு, ஹைட்ரஜனின் மின்னேற்றமுள்ள துகள்கள் அச்சவ்வின் ஒரு புறம் தேக்கப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் வழியில் ஒரு நுண்ணிய சக்கரம் உண்மையாகவே சுழல்கிறது. அச்சுழற்சியில் நாணயம் அடிக்கப்படுகிறது. பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேயர் 1961-இல் இக்கருத்தைக் கூறியபோது பலர் நம்பவில்லை; 1978-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சக்கரம் சுழலும் விதத்தை விளக்கிய பால் பாயர், ஜான் வாக்கர் என்போர் 1997-இல் அப்பரிசைப் பெற்றனர். இந்த ஏற்பாடு முழுவதற்கும் பிராணவாயு கடைமடை வடிகால் போன்றது. கடைசியில் வந்து சேரும் கழிவை அது வாங்கிக்கொண்டு நீராக்கிவிடுகிறது. வடிகால் அடைபட்டால் மேலே எல்லா வாய்க்காலும் நின்றுவிடுவது போல, பிராணவாயு இல்லாதபோது சக்கரமும் நின்றுவிடும்.

காற்றில்லாத இடத்தில் விதை

சக்கரம் நின்றவுடன் உயிர் உடனே போய்விடுவதில்லை. காற்றில்லாமலே சர்க்கரையைச் சிறிதளவு சிதைத்துக் காலந்தள்ளும் ஒரு வழி உயிரணுவுக்கு உண்டு. பானையில் கள் புளிப்பது இவ்வழியே. சர்க்கரை அரைகுறையாகச் சிதைந்து சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் ஆகிறது. ஆனால் இவ்வழியில் கிடைக்கும் இலாபம் மிகச் சொற்பம். காற்று உள்ள இடத்தில் ஓர் அணுச் சர்க்கரைக்கு 30 அல்லது 32 நாணயம் கிடைக்குமாயின், காற்றில்லாத இடத்தில் 2 மட்டுமே கிடைக்கும். அதே வேலையை நடத்தப் பதினைந்து மடங்கு சர்க்கரை செலவாகவேண்டும். கையிருப்புத் தீர்ந்தவுடன் மரணம். ஊறல் நீரை மாற்றாமல் விட்டால் எழும் புளித்த நாற்றம், உள்ளே விதைகள் இவ்விதம் கடன் வாங்கிப் பிழைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

கோதுமை, பார்லி முதலியவை காற்றில்லாத இடத்தில் தம் மாவுச்சத்தைக் கரைக்கும் திறனையே இழந்துவிடுகின்றன. நெல் மட்டும் அந்நிலையிலும் மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்ள வல்லது. ஆகையால் நீருக்குள் கிடக்கும் நெல்லும் முளைக்கும். ஆனால் அது முளைக்கும் முறை வேறு. வெண்மையான முளைக்குருத்து மட்டும் மேல்நோக்கி நீண்டுகொண்டே போகும், வேர் விடாது, பச்சை இலையும் காணாது. எங்கேனும் காற்று எட்டுமா என்று குருத்து தேடுகிறது. கிடைக்கும் அற்பச் சக்தியை வேருக்குச் செலவிட அதற்கு மனமில்லை எனலாம். நீர் வடியாத நாற்றங்காலில் நீண்டு, வெளுத்து, பிடிப்பின்றி மிதக்கும் நாற்றுக்கள் இவ்வாறு உண்டானவையே. விதைத்த 18 முதல் 24 மணி நேரத்திற்குள் நாற்றங்கால் நீரை வடித்துவிடவேண்டும் என்னும் விதி இக்காரணம் பற்றியது. முதலில் மெல்லிய நீர், விதை சமமாகப் பரவுவதற்காக மட்டுமே. பின்னர் விதைக்கு வேண்டியது ஈரமும் காற்றும். நேரடி விதைப்புச் செய்யும் நிலங்களில் விதைத்த மறுநாள் மழை பெய்தால், இரவென்று பாராமல் வரப்பை வெட்டிவிடுவது பின்னால் பாதி விதையை மறுபடி வாங்கும் செலவைத் தவிர்க்கும். முளைகட்டும் சாக்கையும் இரண்டொரு தடவை புரட்டி, சூடு மிஞ்சினால் நீர் தெளிக்கவேண்டும். மூட்டையின் நடுவில் உள்ள விதை வெந்து கெடுவது பெரும்பாலும் கவனக்குறைவினாலேயே.

சேற்றினுள் வேர்

நீர் கட்டிய வயலில் மற்றப் பயிர்களின் வேர் சில நாட்களில் அழுகிப்போக, நெல் மட்டும் செழித்து வளர்வது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சி சென்னை மாகாண விவசாய இலாகாவிலேயே முதன்முதலில் சிறப்பாக நடந்தது. இலாகாவின் ரசாயன நிபுணர் டபிள்யூ. எச். ஹாரிசன் என்பவரும் அவருடன் பணிபுரிந்த பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் சேற்று நிலத்திலுள்ள வாயுக்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி உலக முழுவதும் நெல் ஆராய்ச்சிக்கு ஓர் அடிப்படையாயிற்று. சேற்றை மிதிக்கும்போது எழும் குமிழிகளில் மீத்தேன் என்னும் சதுப்பு வாயுவும் நைட்ரஜனும் மிகுதியாகவும், கரியமிலவாயுவும் ஹைட்ரஜனும் சிறிதளவும் இருக்கக் கண்டனர். அந்நிலையில் வேருக்குக் காற்று ஏது? சேற்றின் மேல் படரும் பாசிப் படலம் வெயிலில் பிராணவாயுவை வெளிவிடுகிறது. அது நீரில் கரைந்து, நீர் மெல்லக் கீழிறங்கும்போது வேர்களை அடைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆதலின், நெல் நீரில் நிற்கும் பயிராயினும் அந்நீர் அசையாமல் தேங்கக்கூடாது, மெதுவான வடிகால் வேண்டும் என்று வற்புறுத்தினர்.

அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் இதனுடன் வேறொரு பெரிய வழியைச் சேர்த்திருக்கின்றன. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நீண்ட துவாரங்கள் தெரியும். தக்கைப்பூண்டின் தண்டு இலேசாக இருப்பதும் காற்று நிறைந்திருப்பதாலேயே. நெல்லின் இலையுறையிலும் தண்டிலும் வேரிலும் இத்தகைய காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வழியே புகும் பிராணவாயு இக்குழாய்களில் இறங்கி வேர் நுனி வரை செல்கிறது. மண் வாய்க்காலில் நீர் கசிந்து போகாமல் கரைக்குச் சாந்து பூசுவது போல, நெல் வேரின் வெளித்தோல் தக்கை போன்ற பொருளால் பூசப்பட்டு, பிராணவாயு வழியில் கசியாமல் காக்கிறது. வேரின் நுனிப் பாகத்திலும் சிறு வேர்களிலும் மட்டும் சிறிது கசிவு உண்டு. அக்கசிவினால் சுற்றியுள்ள சேற்றிலுள்ள இரும்புச் சத்து துருவாக மாறி வேரின் மேல் படிகிறது. செந்நிறம் படிந்த வேர் நோயுற்றதன்று. மூச்சு நன்றாக நடக்கும் வேர். கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் வேரே மூச்சு முட்டிய வேர். அந்நாற்றம் கந்தகம் சேர்ந்த ஒரு விஷ வாயுவினுடையது. அது மைட்டோகாண்டிரியாவின் சக்கரத்தையே நிறுத்தவல்லது. ஒரு குத்தைப் பிடுங்கி அலசிப் பார்க்க ஐந்து நிமிஷமும் ஆகாது. பயிர் மஞ்சளித்தவுடன் யூரியா மூட்டையைத் தேடுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஒரு லிட்டர் காற்றிலுள்ள பிராணவாயுவில் 30-இல் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் நீரில் கரைந்திராது. ஆகையால் நீர் கட்டிய ஓரிரு நாட்களில் மண்ணிலுள்ள கிருமிகள் இருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. பச்சைத் தழையைப் புதைத்த உடனே நடுவது இக்கேட்டை அதிகப்படுத்தும். கொளுஞ்சியோ சணப்பையோ தக்கைப்பூண்டோ மடக்கி உழுதபின் ஒரு வாரம் பத்து நாள் மக்கவிட்டு நடுதல் நலம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வழங்கும் முறை, அதாவது கட்டிய நீர் வற்றி மண்ணில் மயிரிழை வெடிப்புக் காணும் சமயம் மீண்டும் பாய்ச்சுதல், நீரை மிச்சப்படுத்துவதோடு வேருக்கும் மூச்சளிக்கிறது. சதுப்பு வாயுவும் குறைகிறது. பூமியின் உஷ்ணத்தை ஏற்றும் வாயுக்களில் அதுவும் ஒன்றாகையால் இதனை இப்போது பல தேசத்தாரும் கவனிக்கின்றனர். பூக்கும் தருணத்தில் மட்டும் காய்ச்சல் கூடாது. மேலும், இம்முறை முறைப்பாசனம் ஒழுங்காக நடக்கும் தலைமடைக்கு எளிது. அடுத்த முறை எப்போது என்று தெரியாத கடைமடைக்காரர் கட்டிய நீரை விட மனமின்றி இருப்பதில் குற்றம் காண்பதற்கில்லை.

களத்து நெல்

ஐப்பசியில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவது இப்பிரதேசத்தின் தலையெழுத்து. அறுத்த நெல்லும் உயிருள்ளதே. ஈரம் 100-க்கு 14 வீதத்திற்குள் இருந்தால் அதன் மூச்சு மிக மெல்லியது. ஈரம் ஏற ஏற மூச்சு பன்மடங்காகிறது, பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. அம்பாரத்தின் நடுவில் 1 கிலோ மாவுச்சத்து இவ்விதம் எரிந்தால் அரைக் கிலோவுக்கு மேல் நீரும், 50 லிட்டர் கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய சூடும் உண்டாகின்றன. அந்நீரும் சூடும் பக்கத்து நெல்லின் மூச்சை இன்னும் தூண்டும். முன்னிரவில் வெதுவெதுப்பாக இருந்த குவியல் மறுநாள் மாலை கை வைக்க முடியாததாக ஆவது இதனால்தான். அரிசி மஞ்சளாவதும், முளைப்புத் திறன் அழிவதும் அடுத்த நிலை.

அரசாங்கக் கொள்முதல் நிலையங்களில் 100-க்கு 17 வீத ஈரம் என்னும் வரம்பு ஏற்பட்டதன் காரணமும் இதுவே. மழை மிகுந்த சில ஆண்டுகளில் அவ்வரம்பு தளர்த்தப்பட்டதுண்டு; ஆனால் வரம்பைத் தளர்த்தினாலும் நெல்லின் மூச்சு தளர்வதில்லை. 20 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்திற்குக் காயவைத்தால் 93 கிலோ நிற்கும். குறைந்த 7 கிலோ வெறும் நீர். காயவைக்காத குவியலில் எடை குறைந்தால் அது அரிசியே குறைந்ததாகும். தார்ப்பாய் மழைக்கு மட்டும் வேண்டியது. மழை விட்டபின்னும் மூடியே வைத்தால் நீராவி உள்ளேயே தங்கும். அடியில் வைக்கோல் பரப்பி, குவியலை உயர்த்தாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுதல் வெயிலில்லாத நாட்களிலும் பயன் தரும்.

வெள்ளத்தில் மூழ்கிய பயிர்

2021-ஆம் ஆண்டில் ஜனவரி மாதம் பருவந்தப்பிய மழையில் முற்றிய சம்பாக் கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைத்தன. அதே ஆண்டு நவம்பரில் இளம் பயிர் நீரில் மூழ்கியது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ்ப்பாகங்களில், முக்கியமாகத் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களின் தாழ்ந்த நிலங்களில், இரண்டாவது வகை நஷ்டம் பழக்கமானது.

மூழ்கிய பயிருக்கு இரு வழியிலும் அடி விழுகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் புகாமையால் வரவு நிற்கிறது. காற்றுப் புகாமையால் செலவு பதினைந்து மடங்காகிறது. ஆயினும் ஓரிலையின் நுனி நீருக்கு மேல் நின்றால்கூட, காற்று அவ்வழியே இறங்கி வேரை எட்டும். முற்றிலும் மூழ்கிய இலையும் முதல் சில நாட்கள் வெள்ளித் தகடுபோல் மின்னுவதைக் காணலாம். இலையின் மெழுகு போன்ற மேற்பரப்பில் ஒட்டிய காற்றுப் படலம் அது. அதன் வழியே சிறிது வாயுப் பரிமாற்றம் நடக்கும். அம்மின்னல் மறைந்தபின் நிலைமை மோசமாகிறது.

இந்நிலையில் சாதாரண நெல் ஒரு தந்திரம் செய்கிறது. பயிரினுள் உண்டாகும் எத்திலீன் என்னும் வாயு நீரினால் வெளியேற முடியாமல் சேர்கிறது. அதை அடையாளமாகக் கொண்டு, நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்கப் பயிர் வேகமாக நீளத் தொடங்குகிறது. வங்காளத்தில் மாதக்கணக்காக மெல்ல ஏறி நிற்கும் ஆழ்நீருக்கு இது ஏற்றது. எட்டுப் பத்து நாளில் வடியும் டெல்டா வெள்ளத்தில் இது வீண் செலவு. இருந்த மாவுச்சத்தையெல்லாம் நீள்வதில் கரைத்துவிட்டு, நீர் வடிந்தவுடன் நிற்க வலுவின்றிப் பயிர் சாய்ந்துவிடும்.

ஒரிஸ்ஸாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எப். ஆர். 13 ஏ என்னும் நெல், இதற்கு நேர்மாறாக, மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்திக் கையிருப்பைக் காத்து அடங்கிக் கிடக்கும். அக்குணத்திற்குக் காரணமான சப் 1 ஏ என்னும் மரபுக்கூறு 2006-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கலப்பின முறையில் அது பல ரகங்களில் சேர்க்கப்பட்டது. சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009-இல் வெளிவந்தது. தஞ்சைப் பகுதியில் பொன்மணி என்றும் சாவித்திரி என்றும் வழங்கும் சி. ஆர். 1009 ரகத்திலும் அக்குணம் சேர்க்கப்பட்டு, சி. ஆர். 1009 சப் 1 என்னும் பெயரில் சம்பாவுக்கு வழங்கப்படுகிறது. மற்ற ரகங்கள் ஒரு வாரத்தில் மடியும் நிலையில் இவ்வகை நெல் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். ஆனால் இதனை எல்லா நோய்க்கும் மருந்தாக எண்ணுதல் கூடாது. விதைத்தவுடன் மூழ்குவதற்கும், பூக்கும் தருணத்தில் மூழ்குவதற்கும், மாதக்கணக்கில் முழங்கால் நீர் தேங்குவதற்கும் இது பரிகாரம் ஆகாது.

ரகத்திற்கு அப்பாலும் செய்யக்கூடியவை உண்டு. தாங்கும் சக்தி என்பது மூழ்கும் நாளில் தண்டிலுள்ள மாவுச்சத்தின் அளவே. நெருக்கமின்றி வளர்ந்த, சற்று முற்றிய, திடமான நாற்றில் அது மிகுதி. மழை வரும் வாரத்தில் தழைச்சத்தை மிகுதியாக இட்டுக் கருகருவென்று வளர்த்த பயிரில் குறைவு. பார்வைக்கு அழகாக இருந்தாலும் முதலில் மடிவது அதுவே. வானிலை அறிவிப்பில் பெருமழை என்று கண்டால் மேலுரத்தை நிறுத்தி வைப்பது நலம். வடிகால் விஷயத்தில் ஒரு நாள் என்பதும் பெரிது. ஏழாம் நாள் வடிந்த வயலுக்கும் பத்தாம் நாள் வடிந்த வயலுக்கும் உள்ள வித்தியாசம், பயிர் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வித்தியாசமாகலாம். ஆகாயத்தாமரை மண்டிய வடிவாய்க்காலைப் புரட்டாசிக்குள் சுத்தம் செய்வது கிராமத்தார் யாவருக்கும் பொதுவான காரியம். தன் வயலுக்கு நேரேயுள்ள பாகத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போகிறவர் நீரைக் கீழ்வயல்காரர் தலையில் தள்ளுகிறவரேயன்றி வடிப்பவர் அல்லர்.

நீர் வடிந்த அன்றே பயிரின் கதியை நிர்ணயிக்க முடியாது. நீருக்குள் பச்சையாகத் தோன்றிய இலைகள் வெயிலும் காற்றும் திடீரெனப் பட்டு இரண்டு மூன்று நாளில் வாடிக் காய்வதுண்டு. வேர் மூச்சிழந்து நீரை உறிஞ்ச முடியாதிருப்பதே இதற்குக் காரணம். மாறாக, இலையெல்லாம் போன குத்து ஒரு வாரத்தில் புதுக் குருத்து விடுவதும் உண்டு. சேதக் கணக்கெடுக்கும் கிராம அதிகாரிகள் இதனை மனத்தில் கொள்ளுதல் அவசியம். அரசாங்க நிவாரணத்திற்கு 100-க்கு 33 வீதம் அல்லது அதற்கு மேல் சேதம் என்னும் அளவு இருக்கையில், முதல் நாள் பார்வையில் எழுதும் கணக்கு எப்பக்கமும் தவறாகலாம். குத்தின் அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். கெட்டியாக இருந்து, பிளந்தால் உள்ளே வெண்மையாக இருந்தால் உயிர் உண்டு. குழைந்து நாறினால் இல்லை. உயிருள்ள வயலில் நீரை முற்றிலும் வற்றவிடாமல் சேறு மூடும் அளவுக்கு மெல்லியதாக நிறுத்தி, புதிய இலை கண்டபின்பே உரம் இடவேண்டும். மூச்சிழந்த வேருக்கு முன்னரே இடும் யூரியா நீரோடு போய்விடும். இடைவெளி விழுந்த இடங்களில், தூர் பெருத்த குத்துகளிலிருந்து பிரித்தெடுத்தோ, அண்டை மேட்டு வயலில் மிச்சமிருக்கும் நாற்றைக் கொண்டோ, அதே வாரத்தில் போக்கு நடவு செய்துகொள்ளலாம்.